ரேக் வருகிறது, ஆட்கள் தயாராக இருக்கவும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. மற்றவர்கள் எல்லாம் உள்ளே எரிந்துகொண்டே வெளியே "நல்லா இருக்கட்டும்" என்று சிரிப்பார்கள். எனக்கு அந்த நடிப்பு வராது. வயிறு எரிந்தால் முகத்தில் தெரிந்துவிடும். "என்ன, முரளி அத்தான் மறுபடியும் ஏதாச்சும் வாங்கிட்டாங்களா?" என்று என் மனைவி கவிதா கேட்டுவிடுவாள்.

முரளி என் சகலை. கவிதாவின் அக்காவைக் கட்டியவர். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் நெட்வொர்க் வேலை. எனக்கும் நெட்வொர்க் வேலைதான், ஆனால் தஞ்சாவூரில், ஒரு டிபன் கடையின் மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனியில். அவர் ஏசி அறையில் உட்கார்ந்து எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று படம் போடுவார். நான் ஏணியில் ஏறிச் சுவரில் துளை போடுவேன். உயரத்தை வைத்துப் பார்த்தால் நான்தான் மேலே. ஆனால் மரியாதை மட்டும் நேராகப் பெங்களூருக்குப் போய்விடும்.

இதில் பெரிய கொடுமை, முரளி நல்ல மனிதர். திமிர் பிடித்தவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். தீபாவளிக்கு வந்தால் எனக்கும் சேர்த்து சட்டை எடுத்துவருவார். அது எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். (அதற்கும் எரியும். என் அளவு இவருக்கு எப்படித் தெரியும்?)

எங்கள் மாமனார் மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் மேனேஜர். லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தக் குடோனைத் திறக்க வேண்டும், மூட்டை தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்தான். முப்பது வருட சர்வீஸ். அவர் முரளியை "மாப்ள" என்று கூப்பிடுவார். என்னை "தம்பி" என்பார்.

கேட்பதற்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. கல்யாணமான புதிதில் எனக்கும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் நின்று கவனித்தேன். கேபிள் டிவிக்காரரை "தம்பி" என்றார். தண்ணி கேன் போட வந்தவரை "தம்பி" என்றார். பின்னாலேயே வந்த என்னையும் "வாங்க தம்பி" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு எரிச்சல்.

"பாசமாத்தானே கூப்புடுறாங்க, அதுக்குப் போயி," என்றாள் கவிதா.

"பாசமெல்லாம் அவங்களே வச்சுக்கட்டும். எனக்கு மாப்ளன்னு கூப்புட்டாப் போதும்."

அறிமுகப்படுத்தும்போது இன்னும் மோசம். முரளியை, "இவரு எங்க மாப்ள, பெங்களூர்ல பெரிய வேலையில இருக்காரு" என்று தோளில் கைபோட்டுச் சொல்வார். என்னை, "இவரு நம்ம கவிதா வூட்டுக்காரரு, கம்ப்யூட்டரு ரிப்பேரு" என்பார். நான் என் வாழ்நாளில் ஒரு கம்ப்யூட்டரைக்கூட ரிப்பேர் செய்ததில்லை. நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை அவர் வாயால் "எங்க மாப்ள" என்று என்னைச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் என் லட்சியம். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன், செய்தும் தொலைத்தேன்.

வாய்ப்பு ஒரு பொங்கலன்று வந்தது. ஆலை முதலாளிக்கு ஆலை முழுக்க வைஃபை வேண்டுமாம். நெல் காயும் களம், குடோன், எடைமேடை எங்கே நின்றாலும் போன் வேலை செய்ய வேண்டும். மாமனார் சாப்பிட்டுக்கொண்டே முரளியிடம் யோசனை கேட்டார். நான் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள, பெங்களூர்லேருந்து உங்க ஆளுங்க யாராச்சும் வந்து பண்ணுவாங்களா?"

முரளி என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பாக்குறேன் மாமா" என்று சொல்லியிருந்தால் நான் வழக்கம்போல எரிந்துவிட்டுப் போயிருப்பேன். அவர் சொன்னார்: "எதுக்கு மாமா பெங்களூரு? சகலையே பிரமாதமாப் பண்ணுவாரு. இந்த வேலையெல்லாம் என்னை வுட அவருக்குத்தான் கை வரும்."

மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். வடையைப் பாதி கடித்திருந்தேன். "அப்பிடியா தம்பி? பண்ணிருவீங்களா? முதலாளிகிட்ட நான் வாக்குக் குடுத்துருவேன்."

வேலை கிடைத்தது, அதுவும் அவர் சிபாரிசில். அந்த வடை தொண்டைக்குள் இறங்கவே இல்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் தயாரான விதத்தை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. கம்பியில்லா இணைப்பை நடத்தும் கருவி, சுவிட்ச், யூபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வரிசையாகத் திருகி வைக்க ஒரு இரும்பு அலமாரி வேண்டும். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ரேக். அதன் உயரத்தை 'யூ' என்று கணக்கிடுவார்கள். அந்த ஆலைக்கு ஒன்பது யூ ரேக் தாராளம், சுவரில் மாட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் முரளி ஒருமுறை தன் ஆபீஸ் போட்டோ காட்டியிருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பாக நின்றது, நாற்பத்திரண்டு யூ. நானும் நாற்பத்திரண்டு யூ ரேக்குக்கே ஆர்டர் போட்டேன். உள்ளே மாட்ட என்னிடம் இருந்தது ஏழு யூ சாமான். மிச்ச இடத்தில் ஒரு குடும்பமே துணி மடித்து வைக்கலாம்.

சாமான் வந்ததும் ஆபீஸ் மேஜையிலேயே எல்லாவற்றையும் பிரித்து, மின்சாரம் கொடுத்து, எண்கள் போட்டு, பாஸ்வேர்டு வைத்து முன்கூட்டியே தயார் செய்தேன். பெங்களூரில் இதை இரண்டு தடவை சோதித்துப் பார்ப்பார்களாம். நான் மூன்று தடவை அழித்துவிட்டு மூன்று தடவை முதலிலிருந்து போட்டேன். மூன்றாவது தடவை பாஸ்வேர்டை எங்கே எழுதினேன் என்று மறந்துபோய் நாலாவது தடவையும் போட்டேன்.

இதற்கிடையில் முரளி வாட்ஸப்பில் ஒன்று அனுப்பினார். 'சகலை, இன்ஸ்டாலேஷனுக்கு முன்னாடி பாக்க வேண்டிய லிஸ்ட். என் அனுபவத்துல எழுதுனது. முதல் பாயிண்ட் ரொம்ப முக்கியம்.' கூடவே ஒரு பைல். நான் அதைத் திறக்கவே இல்லை. எனக்கு லிஸ்ட் அனுப்புகிறாராம்! நான் ஏணியில் ஏறாத கட்டடம் தஞ்சாவூரில் உண்டா? 'நன்றி சகலை' என்று கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேபிள் நறுக்கப் போனேன்.

சாதாரணமாக நான் செய்திருக்க வேண்டியது ஒரு போன். "மாமா, நாளைக்குக் காலையில வைஃபை சாமான் வருது, அலமாரி கனமா இருக்கும், மாடிக்குத் தூக்க நாலு பேரு வேணும்." இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. ஆனால் முரளி யாரிடமும் அப்படிப் பேச மாட்டார். பொங்கலன்றுகூட மாடியில் நடந்தபடி, "சைட் இன்சார்ஜ்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க, வாய்ப்பேச்சு வேணாம்" என்று போனில் அதட்டிக்கொண்டிருந்தார். கீழே மாமியார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த 'சைட் இன்சார்ஜ்' என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதனால் ஆபீஸ் வேலைக்கென்று புதிதாக வாங்கிய சிம்மிலிருந்து, பெயர் போடாமல், மாமனாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஐந்து தடவை திருத்தி எழுதியது.

'ரேக் நாளை காலை 10 மணிக்கு வருகிறது. 42 யூ. ஏற்ற ஆட்கள் தயாராக இருக்கவும். பாதை காலியாக இருக்க வேண்டும். இப்படிக்கு, சைட் இன்சார்ஜ்.'

எவ்வளவு கம்பீரம்! திரும்பத் திரும்பப் படித்து ரசித்தேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

'முழு ரேக்கா, அரை ரேக்கா?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேக்கில் முழுசு, அரை என்று இருப்பது மாமனாருக்கு எப்படித் தெரியும்? முரளி சொல்லிக்கொடுத்திருக்கிறார்! பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு என் வேலையில் மூக்கை நுழைக்கிறார்! எரிந்துகொண்டே தட்டினேன்: 'முழு ரேக்.'

'எந்த லைன்?'

இன்டர்நெட் லைனைப் பற்றியும் பாடம் எடுத்திருக்கிறாரா? 'இரண்டு லைன். ஒன்று போனாலும் மற்றொன்று ஓடும்' என்றேன்.

'மழை வரும்போல இருக்கு. தார்ப்பாய் போதுமா?'

'ஒரு சொட்டு ஈரம்கூடப் படக் கூடாது' என்று கண்டிப்பாக அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். கவிதாவிடம், "உங்கப்பாவுக்கு எல்லாத்தையும் உங்க அத்தான் சொல்லிக் குடுத்துருக்காரு, பாரு" என்று புலம்பினேன். அவள் புரண்டு படுத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காவிரிப் பாசனப் பக்கம் நெல், அரிசி வியாபாரத்தில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் 'ரேக்' என்று சொல்லிப்பாருங்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: கூட்ஸ் ரயில். அரிசி மூட்டையை ஏற்றித் தெற்கே அனுப்புகிற வண்டி. இருபத்தொரு வேகன் என்றால் அரை ரேக். முழு ரேக் என்றால் நாற்பத்திரண்டு வேகன். இது எனக்குத் தெரியாது. அந்த ஊரில் பெண் எடுத்து ஆறு வருடம் ஆகியும் தெரியாது. மாமனார் பேச்சை நான் கவனித்துக் கேட்டால்தானே? அவர் பேசும்போதெல்லாம் இதிலாவது 'மாப்ள' வருகிறதா என்றல்லவா காத்திருந்தேன்.

மறுநாள் காலை, எங்கள் பக்கம் எல்லோரும் குட்டியானை என்று கூப்பிடுகிற சின்ன சரக்கு வண்டி ஒன்றில் ரேக்கை நிறுத்தி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, வடுவூர் வழியாகக் கிளம்பினோம். நான் முரளி எடுத்துக்கொடுத்த சட்டையைப் போட்டிருந்தேன். (வேறு நல்ல சட்டை இல்லை. அதுவும் எரிந்தது.) தை மாத வானம் மூடிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு ஆலை வாசலில் இறங்கினால், ஈ காக்கை இல்லை. களம் காலி. குடோன் பூட்டு. வாட்ச்மேன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மாமனாருக்கு என் சொந்த நம்பரிலிருந்து அடித்தேன். "மாமா, நான் மில்லு வாசல்ல நிக்கிறேன். ஒருத்தரையும் காணுமே?"

"தம்பி, இப்ப பேச நேரமில்ல. எல்லாரும் ஸ்டேஷன்ல நிக்கிறோம். வர்ற நேரம்தான். முதலாளியே வந்து நிக்கிறாங்க. நீங்க செத்த நேரம் உக்காந்துருங்க." வைத்துவிட்டார்.

ஸ்டேஷனில் யார் வருகிறார்கள்? வாட்ச்மேனைக் கேட்டேன்.

"என்னமோ பெருசா வருதாம் சார். விடியக்காலையிலேருந்து அமளி. அறுவது ஆளு, பத்து லாரி. வழியில ஒரு மாட்டைக்கூட நிக்க வுடல, மேனேஜரு."

எனக்குப் பொறி தட்டியது. முரளி! பொங்கலன்று கிளம்பும்போது, "முடிஞ்சா இன்ஸ்டாலேஷன் அன்னிக்கு நானும் வந்துர்றேன் சகலை" என்று சொல்லியிருந்தார். அதுதான். வருகிறார். என் ரேக்கை மாடிக்குத் தூக்க நாலு பேர் இல்லை, பெரிய மாப்பிள்ளையை வரவேற்க முதலாளியோடு அறுபது பேர்! பத்து லாரி எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பெங்களூரிலிருந்து தன் சாமானைக் கொண்டுவருகிறார், என் சாமானை ஓரங்கட்டப் போகிறார் என்று அதற்கும் விடை கண்டுபிடித்தேன். பொறாமை வந்துவிட்டால் மூளை அப்படித்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும்.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க. ஸ்டேஷனுக்கு வுடுங்க."

"ரேக்க இறக்க வேணாமா சார்?" என்றார் டிரைவர்.

"வேணாம். ரேக்கோடவே போவோம். அத்தினி பேரும் பாக்கட்டும்."

மன்னார்குடி ஸ்டேஷனில் சரக்கு ஏற்றுகிற பக்கம் பத்து லாரிகள் வரிசையாக நின்றன. மேலே அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் இரட்டைத் தார்ப்பாய். ஒரு சொட்டு ஈரம்கூடப் படக்கூடாது என்று இன்சார்ஜ் சொல்லியிருந்தார் அல்லவா? தலையில் துண்டு கட்டி, கையில் மூட்டைக் கொக்கியோடு அறுபது பேர் தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. நடுவில் குடைக்குக் கீழே முதலாளி, முகம் கடுகடுவென்று. அவருக்கு முன்னால் என் மாமனார், நனைந்துகொண்டு.

"ஸ்டேஷன்ல கேட்டா ரேக்கே கிடையாதுங்கிறாங்க. நீங்க வருதுங்கிறீங்க. ஆறு மணிலேருந்து மூட்டை நனையக் காத்துக்கிட்டு நிக்குது. என்ன மேனேஜரே இது?"

"தகவல் வந்துச்சு முதலாளி. எழுத்துலயே வந்துச்சு," என்று போனைக் காட்டி மாமனார் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. என் கண் முரளியைத் தேடிக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து குதித்து நேரே போய் நின்றேன். "மாமா, இது உங்களுக்கே நல்லாருக்கா? ரேக் வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?"

மாமனார் முகம் மலர்ந்தது பாருங்கள், அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "ரேக் வந்துருச்சா? எங்க தம்பி, எங்க?"

அறுபது பேரும் ஒரே சமயத்தில் எழுந்து, நீடாமங்கலம் பக்கம் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார்கள். முதலாளியும் குடையைச் சாய்த்துவிட்டுப் பார்த்தார்.

"அங்க இல்ல மாமா. இந்தா, இங்க." நான் போய்த் தார்ப்பாயை இழுத்தேன். கறுப்பு நிறத்தில், கண்ணாடிக் கதவோடு, காலியாக நின்றது ரேக்.

லோடுமேன்களின் மேஸ்திரி தங்கராசு மெதுவாக வந்து, கொக்கியால் அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"இதுவா ரேக்கு?"

"ஆமா."

"நாப்பத்திரண்டு?"

"நாப்பத்திரண்டு யூ."

"யூன்னா?"

"ஒரு யூன்னா ஒண்ணே முக்கால் இன்ச்சு."

தங்கராசு லாரிகளை ஒருமுறை பார்த்தார், ரேக்கை ஒருமுறை பார்த்தார். "அப்ப இந்த மூட்டையெல்லாம் இதுல எங்கய்யா ஏத்துறது?"

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. முழு ரேக்கா அரை ரேக்கா. எந்த லைன். தார்ப்பாய் போதுமா. ஒவ்வொன்றாக மண்டைக்குள் விளங்க விளங்க நைசாக வண்டிப் பக்கம் ஒதுங்கினேன். ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"யாரு அந்த இன்சார்ஜு? போனப் போடுங்க அவனுக்கு," என்றார் முதலாளி.

மாமனார் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

வாடிக்கையாளர் கூப்பிட்டால் தவறிவிடக்கூடாது என்று சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்திருந்தேன். அறுபது பேரும், முதலாளியும், டீ கேனோடு நின்ற ஒருவரும் என் நெஞ்சையே பார்த்தார்கள். அதை அணைக்கவும் கை வரவில்லை. அடித்து முடியட்டும் என்று நின்றேன். முடிந்தது. மாமனார் தன் போனைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். நம்ப முடியாமல் இன்னொரு தடவை அழுத்தினார். மறுபடியும் அடித்தது.

"யாருய்யா இந்த ஆளு?" என்றார் முதலாளி.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதலாளி, இவரு..." என்று நிறுத்தினார். 'கவிதா வூட்டுக்காரரு' என்று சொல்லியிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். யாரோ கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் என்று கைகழுவியிருக்கலாம்.

"இவரு எங்க மாப்ள. சின்ன மாப்ள. இவரு மேல தப்பு இல்ல முதலாளி. ரேக்குன்னதும் வேற ஒரு வார்த்தை கேக்காம ஆளக் கூப்புட்டது நான்தான்."

ஆறு வருடம் நான் எதற்காக ஏங்கினேனோ அது நடந்தேவிட்டது. நாலு பேர் முன்னால் கேட்டேன், அறுபது பேர் முன்னால் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முப்பது வருடமாகச் சொன்ன சொல் தவறாத மனிதர், என் வெட்டி வீம்புக்காக மழையில் நின்று பழியை ஏற்றுக்கொள்கிறார். "மன்னிச்சிருங்க மாமா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, லாரியின் தார்ப்பாயை இழுத்துவிடப் போய்விட்டார்.

முதலில் சிரித்தது தங்கராசு. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. "முழு ரேக்காம்ய்யா!" என்று தொடையில் தட்டினார். அவ்வளவுதான், அறுபது பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி கோபமாகவே இருக்கப் பார்த்தார். "இதுல சிரிக்க என்னய்யா இருக்கு?" என்று அதட்டும்போதே அவருக்கும் பீறிட்டுவிட்டது. "ரெண்டு லைன்ல வருதுன்னு வேற சொல்லியிருக்கான்யா!" என்று குடையை விட்டுவிட்டுச் சிரித்தார். மாமனார் வேலை அந்தச் சிரிப்பில்தான் பிழைத்தது.

வந்ததற்கு இதையாவது ஏற்றிவிட்டுப் போகிறோம் என்று லோடுமேன்கள் பிடிவாதம் பிடித்தார்கள். குட்டியானை முன்னால் போக, பின்னால் பத்து லாரியும் வரிசையாக ஆலைக்குத் திரும்பின. கடைத்தெருவில் ஜனம் ஒதுங்கி நின்று பார்த்தது. எட்டுப் பேர் ரேக்கைத் தூக்கி, மாடிப்படியில் ஏற்றி, நான் காட்டிய இடத்தில் அலுங்காமல் வைத்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் திருகி, வயரை இழுத்து, வைஃபையை ஓட விட்டேன். நாலு தடவை சோதித்ததாயிற்றே, ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. படியேறி வந்து எட்டிப்பார்த்தவர்கள் எல்லாம், "சார், வேகனெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் போனை வாங்கி, முரளி அனுப்பிய லிஸ்டைத் திறந்து, முதல் பாயிண்டைச் சத்தமாகப் படித்தாள்: "'சகலை, மாமாகிட்ட ரேக்குன்னு மட்டும் சொல்லிறாதீங்க. அவருக்கு ரேக்குன்னா கூட்ஸ் வண்டி. இரும்பு பீரோன்னு சொல்லுங்க.'" படித்துவிட்டுப் போனை என் மடியில் போட்டாள். பிறகுதான் சிரித்தாள், கட்டில் குலுங்கும் அளவுக்கு.

ஒரு வாரம் மாமனார் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதலில் மில்லுக்கு வருகிறவர்களிடம், பிறகு சொந்தக்காரர்களிடம், பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களிடம். சொல்லும்போது என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொள்வார். "இவருதான் எங்க சின்ன மாப்ள. முழு ரேக்கு மாப்ள." கேட்கிறவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் என்னைப் பார்த்தால் தனியாக ஸ்ட்ராங்காக ஒரு டீ போடுவார்கள். அதே இடத்தில் முரளியும் நின்றால், "இவரு பெரிய மாப்ள, பெங்களூரு" என்பார் மாமனார். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. முரளி சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கமான சிரிப்பு. வயிறு எரியும்போது நான் சிரிக்கப் பார்த்து, தோற்றுப்போன சிரிப்பு அது. அடித்தது யோகம் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

போன வருடம் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் முரளி. அவர் பக்கத்தில் இருந்த பெரியவர், "நீங்க மில்லு மேனேஜர் மாப்ளதானே? அந்த ரேக்குக் கதை..." என்று ஆரம்பித்தார்.

முரளி சுற்றுமுற்றும் பார்த்தார். பரிமாற வந்தவர் குறுக்கே குனிந்திருந்ததால் நான் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. "ஆமாங்க, ஏதோ சின்ன வயசுல," என்று கூச்சப்பட்டார். கூச்சப்பட்டுவிட்டு, சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். "குட்டியானையிலேருந்து இறங்குறேன். அங்க பாத்தா எண்பது பேரு நிக்கிறாங்க. முதலாளி போனப் போடுங்கிறாரு. என் பாக்கெட்டுல அடிக்குதுங்க!"

பெரியவர் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து இலைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். முரளியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மரியாதையை எடுத்துக்கொண்டார், பெங்களூரை எடுத்துக்கொண்டார், போகட்டும். என் மானம் போனதைக்கூடவா எடுத்துக்கொள்வது? சாம்பார் சாதக் கையோடு எழுந்து நின்றேன்.

"ஏங்க! அது அவரு இல்லீங்க! நான்! எண்பது பேரு இல்ல, அறுவது பேரு! அந்த முட்டாப்பய நான்தான்!"

பாயச வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கவிதா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கை கழுவும் இடத்தில் முரளி பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, கையைக் கழுவாமல் நின்றார். "கோவிச்சுக்காதீங்க சகலை. நான் எது பண்ணாலும் சரியாப் போயிருது. என்னைப் பத்திச் சொல்றதுக்கு இந்த வூட்டுல ஒண்ணுமே இல்ல. அதான்."

அவர் வாயிலிருந்து இப்படி ஒன்றைக் கேட்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"வேணும்னா நீங்களா ஒரு தப்புப் பண்ணி அதச் சொல்லிக்குங்க சகலை," என்றேன். "என்னுதுல கை வைக்காதீங்க."